பொதுப் பட்டியலில் ஒரு புஞ்சை

அறிவிப்பின் முதல் வரியிலேயே சட்டத்தின் பெயர் இருந்தது: தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம், 1997. தொழிற்பூங்கா ஒன்றுக்குத் தேவைப்படும் உங்கள் நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் காட்டும்படி 3(2) பிரிவின் கீழ் கேட்டிருந்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் வட மாவட்டம் ஒன்றின் விவசாயி. கிணற்றுப் பாசனத்தில் மல்லாட்டையும் கேழ்வரகும் மாறி மாறி விளையும் புஞ்சை அவருடையது. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். ஆவணங்களில் ஒரு குறையும் இல்லை.

"வக்கீலய்யா, டெல்லியில போட்ட புதுச் சட்டத்துல ஊரைக் கூட்டி வச்சுக் கேட்டுட்டுத்தான் நிலத்தை எடுக்கணும்னு இருக்குதாமே. இதுல யாரையும் கேட்ட மாதிரி தெரியலீங்களே" என்றார்.

அவர் கேட்டது பெரும்பாலும் சரி. 2013ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய நில எடுப்புச் சட்டம் 1894ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது. தனியார் திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 விழுக்காடு. அரசின் சொந்தத் திட்டத்துக்குச் சம்மதம் தேவையில்லை. ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடும் அந்த ஊரிலேயே பொது விசாரணையும் நடத்த வேண்டும். இருபோகம், முப்போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாகத்தான் தொடலாம். எடுத்த நிலத்தை ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் உரியவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும். இவற்றில் ஒன்றுகூட மாநிலத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடையாது. ஒரே நிலத்தின் மேல் இரண்டு சட்டங்கள் நிற்கின்றன. எது ஆளும் என்பதுதான் வழக்கு.

கூட்டாட்சி அரசியலமைப்பு என்பதன் முழுப் பொருளும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சட்டம் இயற்றும் அதிகாரத்தை இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கீட்டை எழுதி வைக்க வேண்டும். இரண்டில் எந்த அரசும் தன்னிச்சையாக அதை மாற்ற முடியாதிருக்க வேண்டும். எல்லைத் தகராறு வந்தால் தீர்த்துவைக்க இரண்டுக்கும் கட்டுப்படாத நீதிமன்றம் வேண்டும். நம் அரசியலமைப்பு முதல் உறுப்பில் இந்தியாவை 'மாநிலங்களின் ஒன்றியம்' என்கிறது; கூட்டாட்சி என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை. ஆனால் அதன் உடம்பு கூட்டாட்சிதான். கூட்டாட்சி அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் விட்டது.

பங்கீடு இருப்பது ஏழாவது அட்டவணையில். ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இரண்டு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியல் என மூன்று. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலிருந்தே இந்த மூன்று பட்டியல் முறை நமக்கு வந்தது. எந்தப் பட்டியலிலும் அகப்படாத எஞ்சிய அதிகாரம் 248ஆம் உறுப்பின்படி ஒன்றியத்துக்குப் போகிறது. அமெரிக்காவில் அது மாநிலங்களிடம் இருக்கிறது. நம் நாட்டின் தராசு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

நிலம் மாநிலப் பட்டியலில், 18ஆம் பதிவில் இருக்கிறது. அதனால் நிலம் சம்பந்தப்பட்ட எல்லாமே மாநிலத்துடையது என்று பலரும் நினைக்கிறார்கள். வழக்கறிஞர்களிலும் இளையவர்கள் சிலர் அப்படித்தான் மனு தயாரித்துக் கொண்டுவருவார்கள். நிலத்தை அரசு எடுத்துக்கொள்வது தனி விஷயம். 1956 வரை ஒன்றியத்தின் தேவைக்கு எடுப்பது ஒன்றியப் பட்டியலிலும், மாநிலத்தின் தேவைக்கு எடுப்பது மாநிலப் பட்டியலிலும் இருந்தன. அந்த ஆண்டின் ஏழாவது திருத்தம் இரண்டு பதிவுகளையும் நீக்கி, 'சொத்தைக் கையகப்படுத்தல்' என்ற முழு விஷயத்தையும் பொதுப் பட்டியலின் 42ஆம் பதிவாக வைத்தது. மாநிலம் தனக்கென்று வைத்திருந்த ஓர் அதிகாரம் அன்று பங்காளிச் சொத்தாயிற்று. 1976இல் 42ஆம் திருத்தம் கல்வியையும் காடுகளையும் கொண்டுபோனதைப் பற்றி இன்றுவரை பேசுகிறோம். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு நடந்த இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பொதுப் பட்டியலில் இரண்டு அரசுகளும் சட்டம் போட்டு இரண்டும் மோதினால் என்ன செய்வது? அதற்கு 254ஆம் உறுப்பு. முதல் உட்பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது. இரண்டாம் உட்பிரிவு ஒரு விலக்குத் தருகிறது. முரண்பட்டாலும் பரவாயில்லை, இந்த மாநிலத்துக்கு மட்டும் இது வேண்டும் என்று சட்டமன்றம் இயற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி, அவர் ஒப்புதல் தந்துவிட்டால், அந்த மாநில எல்லைக்குள் மாநிலச் சட்டமே செல்லும். 1997ஆம் ஆண்டுச் சட்டமும், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமும், 2001ஆம் ஆண்டின் மாநில நெடுஞ்சாலைகள் சட்டமும் இப்படி ஒப்புதல் பெற்று, 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தாண்டி நின்றவை. ஆனால் ஒப்புதல் கிடைத்ததோடு கதை முடிவதில்லை. அதே விஷயத்தில் நாடாளுமன்றம் பிறகு புதிதாக ஒரு சட்டம் போட்டால் மோதல் மறுபடி தொடங்கும். பழைய ஒப்புதல் அதற்கு உதவாது. 2013இல் நடந்தது அதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். எங்கள் வழக்கு நடந்த சமயத்தில் சென்னை – சேலம் எட்டு வழிச்சாலை வழக்கும் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. அந்த நிலங்கள் 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ், அதாவது ஒன்றியத்தின் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவை. அங்கே கேள்வி வேறு. ஒரே தாலுகாவில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நிலம் இழந்த இரண்டு பேர், இரண்டு சட்டமன்றங்களின் இரண்டு சட்டங்களை எதிர்த்து ஒரே நீதிமன்ற வளாகத்தில் நின்றார்கள். ஒருவர் வழக்கில் கிடைத்தது மற்றவருக்கும் பொருந்தும் என்று நம்பி வந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிதாக இருக்கவில்லை.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் எனக்குள் ஒரு சங்கடம் எழுந்தது. மாநில சுயாட்சியை நம்பி வளர்ந்தவன் நான். சட்டக் கல்லூரி நாட்களில் ராஜமன்னார் குழு அறிக்கையை விரும்பிப் படித்தவன். சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் தலைமையில், 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்த குழு, 1971இல் அதன் அறிக்கை என்பதெல்லாம் எங்களுக்குப் பெருமைக்குரிய செய்திகள். பொதுப் பட்டியலில் சட்டம் இயற்றும்போது மாநிலங்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்று பின்னர் சர்க்காரியா ஆணையமும் சொன்னது. அப்படிப்பட்டவன் இப்போது என் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை நாடாளுமன்றச் சட்டம் விழுங்கிவிட்டது, விழுங்கியது சரி என்று வாதிட வேண்டும்.

அதில் நான் தடுமாறாமல் நின்றதற்குக் காரணம் உண்டு. சுயாட்சி என்பது மக்களுக்கு அருகில் இருக்கும் சட்டமன்றத்திடம் அதிகாரம் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை. அருகில் இருப்பவர்கள்தான் ஊரின் குறையை முதலில் கேட்பார்கள் என்பதே அதன் நியாயம். நிலம் கொடுக்கிறவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று டெல்லி சொல்லி, கேட்க வேண்டியதில்லை என்று சென்னை சொன்னால், அந்த இடத்தில் சுயாட்சியின் பெயரைச் சொல்லி அந்த விவசாயியை நான் திருப்பி அனுப்ப முடியாது. மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும் என்பதும், அந்த அதிகாரத்தைக் கொண்டு செய்தது சரியா என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்றவன் மற்றதற்கு இல்லை என்று சொல்லலாம்.

வழக்கின் உயிர்நாடி இரண்டு தேதிகள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில். அது நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரி 1. தமிழ்நாடு அரசு தன் மூன்று சட்டங்களையும் காப்பாற்ற, அந்த ஒன்றியச் சட்டத்திலேயே 105-ஏ என்ற புதுப் பிரிவை மாநிலத் திருத்தமாகச் சேர்த்தது. 2015ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டம் அது. முறைப்படி ஒப்புதல் பெற்று, 2014 ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு வந்தது. இழப்பீடும் மறுவாழ்வும் புதுச் சட்டத்தின் அட்டவணைப்படியே கொடுப்போம், மற்றபடி எங்கள் மூன்று சட்டங்களுக்கும் அது பொருந்தாது என்பதே அதன் சாரம். இதற்கு முன்மாதிரியும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது: தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே உள்ளிட்ட 13 ஒன்றியச் சட்டங்களுக்கு 105ஆம் பிரிவு அதே விலக்கைக் கொடுத்திருக்கிறது.

ஏராளமான ரிட் மனுக்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. எங்களுடையது அவற்றுள் ஒன்று. முதன்மை வாதங்களை மூத்த வழக்கறிஞர்கள் எடுத்துவைத்தார்கள். நான் எழுத்து வாதம் தயாரித்தவர்களில் ஒருவன். எங்கள் தரப்பு இதுதான்: 254ஆம் உறுப்பு பேசுவது நாடாளுமன்றம் 'இயற்றிய' சட்டத்தைப் பற்றி. ஒரு சட்டம் இயற்றி முடிவது ஒப்புதல் கிடைத்த கணத்தில். நடைமுறைக்கு வரும் நாள் வேறு. ஆகவே மூன்று மாநிலச் சட்டங்களும் 2013 செப்டம்பரிலேயே செல்லாமல் போய்விட்டன. 105-ஏ பிறந்ததாகக் கருதப்படும் 2014 ஜனவரி 1 அன்று காப்பாற்றுவதற்கு அங்கே சட்டம் எதுவும் இல்லை. முரண்பாடு என்பது நடைமுறையில் தெரிவது, நடைமுறைக்கு வராத சட்டத்தோடு எதுவும் மோத முடியாது, 105-ஏயும் ஒன்றியச் சட்டமும் ஒரே நாளில் தொடங்குகின்றன, இடையில் வெற்றிடமே இல்லை என்றது அரசுத் தரப்பு. அது பலமான வாதம். அதற்குப் பதில் தேடி நான் பழைய தீர்ப்புகளைப் படித்த இரவுகள் பல.

முரண்பாடு என்றால் என்ன என்பதற்கு நாம் எல்லோரும் போய் நிற்கும் தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போனதுதான்: 1979இன் மு. கருணாநிதி எதிர் இந்திய ஒன்றியம். பொது வாழ்வில் இருப்போரின் குற்ற நடத்தை பற்றிய 1973ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்துக்கும் ஒன்றியக் குற்றவியல் சட்டங்களுக்கும் முரண்பாடு உண்டா என்ற கேள்வி அதில் வந்தது. இரண்டும் ஒருசேர நிற்க முடியாத நேரடி மோதல் இருந்தால்தான் முரண்பாடு, தனித்தனிக் களங்களில் ஓடினால் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் எங்கள் வழக்கில் மோதல் நேரடியானது. ஊரில் விசாரணை நடத்தியே எடு என்று ஒரு சட்டமும், நடத்தாமலே எடு என்று இன்னொன்றும் சொன்னால் அதிகாரி எதற்குக் கீழ்ப்படிவார்?

2019 ஜூலை தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றியச் சட்டம் இயற்றப்பட்ட அன்றே மூன்று சட்டங்களும் செல்லாதவையாகிவிட்டன, மறுபடி இயற்றாமல் 105-ஏ மட்டும் அவற்றுக்கு உயிர் கொடுக்காது என்பது முடிவு. ஏற்கெனவே எடுத்து உரிய வேலைக்குப் பயன்படுத்திவிட்ட நிலங்களைத் தவிர மற்றவை விடுபட்டன. என் கட்சிக்காரரின் நிலத்தில் எல்லைக் கல் நட்டிருந்தார்களே தவிர வேறு வேலை நடக்கவில்லை. தொலைபேசியில் சொன்னபோது அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். பருவத்துக்கு விதை போடலாமா என்பதுதான் அவருடைய மூன்றாவது கேள்வி. போடுங்கள் என்றேன்.

அந்த மல்லாட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் டிசம்பரில் புதுச் சட்டமும் வந்தது. மூன்று சட்டங்களையும் மீண்டும் செயல்பட வைத்து, இடையில் நடந்தவற்றைச் செல்லத்தக்கதாக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டம். உயர் நீதிமன்றம் சுட்டிய குறையை அப்படியே எடுத்துக்கொண்டு, 2013 செப்டம்பர் 26 முதல் அமலில் இருந்ததாக முன்தேதியிட்டு, மறுபடி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றுவிட்டார்கள். எந்த இடைவெளியில் நாங்கள் காலூன்றி நின்றோமோ அந்த இடைவெளி மூடப்பட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. செத்த சட்டத்தை ஒரு வரி அறிவிப்பால் எழுப்ப முடியாது, சட்டமன்றம் நீதிமன்றத் தீர்ப்பைத் திருத்தி எழுத முடியாது என்று நிலம் இழந்தவர்கள் சார்பில் வாதிட்டார்கள். 2021 ஜூன் 29 அன்று, ஜி. மோகன் ராவ் எதிர் தமிழ்நாடு அரசு என்ற தீர்ப்பில், நீதிபதிகள் கான்வில்கர், தினேஷ் மகேஸ்வரி அமர்வு மாநிலச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 254இன்படி செல்லாமல் போகும் சட்டம் சட்டப் புத்தகத்திலிருந்து அழிந்துவிடுவதில்லை. முரண்படும் அளவுக்குச் செயலற்று இருக்கிறது. அந்த விஷயத்தில் சட்டம் இயற்றும் தகுதி சட்டமன்றத்துக்கு எப்போதும் இருப்பதால், ஒப்புதலோடு அதை மறுபடி செயல்பட வைக்கலாம். வரிக்கு வரி திரும்ப எழுத வேண்டியதில்லை. நீதிமன்றம் காட்டிய குறையை நீக்கிவிட்டால் தீர்ப்பின் அடிப்படை மாறுகிறது; அது தீர்ப்பை மீறுவதாகாது.

இந்தப் பகுதியை நான் மனமொப்பி ஏற்கிறேன், அது என் கட்சிக்காரருக்கு எதிராகப் போனாலும். ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 109ஆம் பிரிவும் மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது என்றே சொல்கிறது. அங்கேயும் நீதிமன்றங்கள் அதைச் செயலற்ற நிலை என்றுதான் பொருள் கொண்டன. கூட்டாட்சியின் சட்டம் விலகினால் மாநிலச் சட்டம் தானே மீளும். இரண்டு சட்டமன்றங்களும் தத்தம் தகுதியோடு இயங்கும் அமைப்பில் ஒன்றின் சட்டம் மற்றொன்றைக் கொன்றுவிடும் என்று சொன்னால் மாநிலச் சட்டமன்றம் கீழ்ப்பட்ட சபையாகிவிடும். மாநில உரிமையை மதிக்கிற யாரும் அதை விரும்ப முடியாது.

எனக்கு உடன்பாடில்லாதது ஒப்புதல் பற்றிய பகுதி. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வெறும் சடங்கு அல்ல, எந்த ஒன்றியச் சட்டத்தோடு என்ன முரண்பாடு, ஏன் விலக்கு வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லித்தான் அதைக் கேட்க வேண்டும் என்று 2002இல் கைசர்-இ-ஹிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லியிருந்தது. எங்கள் வழக்கில் மாநில அரசு அனுப்பிய கடிதத்தைப் பார்த்து, அது போதும் என்று நீதிமன்றம் நிறைவடைந்தது. கடிதம் போதுமானதாக இருக்கலாம். என் மனக்குறை அந்தக் கடிதத்தைப் பற்றியதல்ல, ஏற்பாட்டைப் பற்றியது. குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடப்பவர். எனவே 254(2) என்பது நடைமுறையில் இரண்டு அரசுகளுக்கு இடையே ஓடும் ஒரு கோப்பு. நாடாளுமன்றம் இரு அவைகளிலும் விவாதித்து விவசாயிக்குக் கொடுத்த விசாரணை உரிமை, அந்தக் கோப்பில் ஒரு கையெழுத்தால் ஒரு மாநிலத்துக்குள் இல்லாமல் போகிறது. அதில் விவசாயியின் குரலுக்கு இடமில்லை. நாடாளுமன்றத்துக்குத் திரும்பிச் செல்வதும் இல்லை. 2014 டிசம்பரில் ஒன்றிய அரசு அவசரச் சட்டத்தால் அந்த உரிமைகளைத் தளர்த்தப் பார்த்தது. மாநிலங்களவையைத் தாண்ட முடியாமல் 2015இல் அந்த முயற்சியைக் கைவிட்டது. அதன்பின் குஜராத், தெலங்கானா, ஜார்க்கண்ட் என்று மாநிலம் மாநிலமாக அதே தளர்வு ஒப்புதல் வழியே வந்து சேர்ந்தது.

மாநிலத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் இந்த ஏற்பாடு நல்லதல்ல. 2017இல் தமிழ்நாடு இதே கதவைத்தான் இரண்டு காரியங்களுக்குத் தட்டியது. ஜல்லிக்கட்டுக்கான திருத்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்ட இரண்டு மசோதாக்களுக்கு அதே 2017இல் ஒப்புதல் மறுக்கப்பட்டது. இரண்டையும் இயற்றியது ஒரே சட்டமன்றம். கிடைப்பதும் மறுக்கப்படுவதும் டெல்லியின் விருப்பம் என்றால் அதை உரிமை என்று எப்படிச் சொல்வது? ஒப்புதல் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், தந்தால் எந்தெந்தக் குடிமக்களின் எந்த உரிமை குறைகிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும், இரண்டையும் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இந்த அளவுக்காவது 254(2) திருத்தப்பட வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

உச்ச நீதிமன்றம் எங்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்ன வாரம் என் கட்சிக்காரர் மகனோடு வந்தார். மகன் பட்டயப் படிப்பு முடித்தவன். பூங்காவில் வேலை கிடைத்தாலும் கிடைக்கும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அதை அப்பாவின் முன் சொல்லத் தயங்கினான். நிலம் போகும், இனிப் பேச முடிவது தொகையைப் பற்றி மட்டும் என்று விளக்கினேன். அவர் நிலத்தை எடுப்பது மாநிலச் சட்டம்; தொகையைக் கணக்கிடுவதோ 105-ஏ வழியாக 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. சந்தை மதிப்பைக் கிராமப்புறத்தில் 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்கி, கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, வரும் மொத்தத்துக்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகச் சேர்க்க வேண்டும்.

வந்த இழப்பீட்டுத் தீர்வத்தில் கிணற்றுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் மதிப்புப் போட்டிருந்தார்கள். குழாய்ப் பதிப்பும் வரப்போரப் பனைகளும் விடுபட்டிருந்தன. சந்தை மதிப்பை எந்தத் தேதிக்குக் கணக்கிடுவது என்பதிலும் எங்களுக்கு ஆட்சேபம் உண்டு. ஒன்றியச் சட்டம் தன் முதல்நிலை அறிவிக்கையின் தேதியைச் சொல்கிறது. மாநிலச் சட்டத்தில் அந்தக் கட்டம் வேறு பிரிவில், வேறு வடிவில் இருக்கிறது. இரண்டு சட்டங்களையும் ஒட்டவைத்த இடத்தில் எந்தத் தேதி நிலம் கொடுத்தவருக்கு நியாயமானதோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்று மனு போட்டிருக்கிறோம். பக்கத்து ஊர் கிரயப் பத்திரங்களின் சான்றிட்ட நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கித் தாக்கல் செய்தாயிற்று. பனைகளை எண்ணிய கிராம நிர்வாக அலுவலரை அடுத்த வாய்தாவில் சாட்சியாக விசாரிக்கிறோம்.